நெஞ்சு ஒரு பக்கம் குறைந்து பிறந்தவர்களுக்கு: எந்த அறுவை சிகிச்சை, எப்போது, எப்படித் தயாராவது

சட்டையைக் கழற்றி நிற்கும்போது நெஞ்சின் ஒரு பக்கம் பள்ளமாகத் தெரிந்தால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். மாரெலும்பும் விலா எலும்புகளும் உள்வாங்கியிருக்கலாம். எலும்பு சரியாக இருந்து, அதன் மேல் இருக்க வேண்டிய தசை இல்லாமல் போயிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து மார்பகம் மட்டும் வளராமல் இருக்கலாம். நெஞ்சில் குறையே இல்லாமல், முதுகெலும்பு திருகியதால் நெஞ்சு கோணலாகத் தெரியவும் கூடும். கண்ணாடியில் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் செய்யும் அறுவை சிகிச்சை வேறு. திருத்தம் சரியாக வராமல் மறுபடியும் மேசைக்குப் போகிறவர்களில் பலருக்கு, எந்த அடுக்கில் குறை என்று முதலில் சரியாகப் பார்க்கப்படாததே காரணம். ஆகவே ‘எந்த ஆஸ்பத்திரி’ என்பதற்கு முன்னால் ‘எந்த அடுக்கு’ என்று கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, மாசமாக இருந்தபோது எதையோ சாப்பிட்டதாலோ, குளிப்பாட்டியவர் அமுக்கியதாலோ இது வருவதில்லை. தசை இல்லாமல் பிறக்கும் வகைக்குப் போலண்ட் குறைபாடு என்று பெயர். கரு ஆறேழு வாரம் இருக்கும்போது அந்தப் பக்கத்துக் கைக்கும் நெஞ்சுக்கும் போகும் ரத்தக் குழாயில் ஓட்டம் தடைபடுவதால் இது உண்டாகிறது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். கர்ப்பத்தின் தொடக்கக் காலம் அது. பெற்ற தாயைக் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. அதேபோல, எண்ணெய் தேய்த்துக் குழந்தையின் நெஞ்சை நீவி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இல்லாத தசை நீவி வளராது. பிஞ்சு விலா எலும்பு முறியத்தான் வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

பகல் வெளிச்சத்தில், மேலாடை இல்லாமல், நேராக நிற்க வைத்துப் பாருங்கள். பெண் பிள்ளையானால் அம்மாவோ அக்காவோ பார்த்தால் போதும்.

முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் கும்பிடுவதுபோல் வைத்து, ஒன்றோடொன்றை அழுத்தச் சொல்லுங்கள். அக்குளின் முன்பக்கத்தில் கயிறுபோல் ஒரு மடிப்பு விறைத்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் அது இல்லாமல் தோலும் விலாவும் மட்டும் தட்டுப்பட்டால், பெரிய மார்புத் தசையின் கீழ்ப்பகுதி இல்லை என்று பொருள். காறை எலும்பை ஒட்டிய மேல்பகுதி பெரும்பாலும் இருக்கும். அதனால் மேலே மட்டும் தொட்டுப் பார்த்து ‘தசை இருக்கிறதே’ என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அடுத்தது முதுகுத் தசை. இடுப்பில் கை வைத்து இருமச் சொல்லி, அக்குளின் பின்பக்க மடிப்பை விரல்களால் பிடித்துப் பாருங்கள். இருமும்போது அது துடிக்க வேண்டும். ஆண்களுக்குச் செய்யும் முக்கியமான அறுவை சிகிச்சை இந்த முதுகுத் தசையை நம்பித்தான் இருக்கிறது. போலண்ட் குறைபாட்டில் சிலருக்கு இந்தத் தசையும் சேர்ந்தே இருக்காது.

பிறகு கால்களைச் சேர்த்து, முட்டியை மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுந்தால் முதுகெலும்பு திருகியிருக்கிறது. முதலில் போக வேண்டியது எலும்பு மருத்துவரிடம். கடைசியாக இரண்டு கை விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறை உள்ள பக்கத்தில் விரல்கள் குட்டையாகவோ, ஒட்டியோ இருந்தால் அதுவும் போலண்டின் அடையாளமே. 1841இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்த ஆல்பிரட் போலண்ட், ஒரு சடலத்தில் இல்லாத மார்புத் தசையை விவரித்து எழுதினார். விரல் ஒட்டியிருப்பதும் நெஞ்சுக் குறையும் சேர்ந்து வருவதற்கு அவர் பெயர் நிலைத்தது 1962க்குப் பிறகுதான். இது பெண்களைவிட ஆண்களிடமும், இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்திலும் அதிகம்.

கைக்குழந்தை மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் ஒரு பகுதி மட்டும் எதிர்மாறாக உள்ளே போய் வந்தால், அங்கே விலா எலும்பே இல்லாமல் இருக்கலாம். இதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற எல்லாவற்றிலும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

எலும்புக் குறைக்கு நெஞ்சக அறுவை சிகிச்சை மருத்துவர். தசைக்கும் மார்பகத்துக்கும் பிளாஸ்டிக் சர்ஜன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர். சேலத்துக்காரர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். எந்தப் பிரிவுக்கு எந்த நாள் புறநோயாளிகள் பார்க்கப்படுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்காட்டிலிருந்தோ, மலையின் உள் கிராமங்களிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வீணாகாமல் இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ இருந்தால், பரிசோதனைக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டி மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கலாம். விரல்கள் ஒட்டியிருந்தால், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971 முதல் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. விரலைப் பிரிப்பதைச் சிறு வயதிலேயே செய்ய வேண்டும். நெஞ்சுக்காகக் காத்திருந்து கையைத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை இரண்டு. ‘இதே அறுவை சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ ‘சரியாக வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?’ இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு ஒருவரிடமும் கருத்துக் கேளுங்கள். இது அவசரச் சிகிச்சை அல்ல. சேலத்தில் ஒருவர், கோவையிலோ வேலூரிலோ ஒருவர் என்று இரண்டு இடம் பார்ப்பதில் தவறில்லை.

எலும்புக் குறைக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் ஒருமுறை போதும். ஒவ்வொரு மருத்துவரும் புதிதாக எடுக்கச் சொன்னால், பழைய படங்கள் உள்ள சி.டி. தட்டையோ பென் டிரைவையோ கொடுங்கள். காகித அறிக்கை மட்டும் போதாது. வளரும் பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, தேவையில்லாத கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டும். தசை, மார்பகம் மட்டும் பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ. நல்லது. பள்ளமான நெஞ்சுக்கு எக்கோ (இதய ஸ்கேன்), நுரையீரல் திறன் சோதனை இரண்டும் வேண்டும். போலண்ட் குறைபாட்டில் சிறுநீரகக் குறையும் சேர்ந்து வரலாம் என்பதால் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஒன்று எடுத்துவிடுங்கள். பிள்ளை வயதுக்கு மீறி உயரமாகவும், விரல்கள் சிலந்திக் கால்போல் நீளமாகவும் இருந்தால் மார்ஃபான் குறைபாடு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) வீங்கியிருக்கலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

உள்வாங்கிய நெஞ்சு: கம்பியா, திறந்து செய்வதா

சி.டி. படத்தில் நெஞ்சுக் கூட்டின் உள் அகலத்தை, மாரெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் மிகக் குறுகிய தூரத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு ஹாலர் அளவு என்று பெயர். அகலம் 25 செ.மீ., ஆழம் 10 செ.மீ. என்றால் 2.5, இது சாதாரணம். அகலம் 26, ஆழம் 8 என்றால் 3.25. இந்த எண்ணிலிருந்துதான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆனால் ஏறுமாறான நெஞ்சில் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மாரெலும்பு பெரும்பாலும் வலப்பக்கம் சாய்ந்து திரும்பியிருக்கும். அந்தத் திருப்பம் எவ்வளவு என்பதுதான், வேலை எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும்.

பள்ளம் ஒன்றரை செ.மீ.க்குள் இருந்து, நெஞ்சு இளகலாக இருந்து, பதினோரு வயதுக்குள் தொடங்கினால், நெஞ்சின் மேல் வைத்துப் பள்ளத்தை வெளியே இழுக்கும் உறிஞ்சு கிண்ணத்தை முயன்று பார்க்கலாம். நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் என்று ஆரம்பித்து மெல்ல நேரத்தைக் கூட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் போட வேண்டும். ஏறுமாறான பள்ளத்தில் பலன் குறைவு. புறா நெஞ்சுபோல் முன்னே துருத்தியிருந்தால் அழுத்தும் பட்டை. அதை ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் போட்டால்தான் பலன். சேலத்துச் சித்திரை வெயிலில் பட்டைக்கு அடியில் வேர்க்குருவும் படர்தாமரையும் வந்து பிள்ளைகள் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், நாளுக்கு இரண்டு மாற்று, பட்டையின் மெத்தையை உப்பு படியாமல் துடைப்பது ஆகியவற்றைச் செய்தால் கோடையைக் கடந்துவிடலாம். ஐப்பசியில் தொடங்கினால் உடம்பு பழகுவதற்கு ஐந்தாறு மாதம் கிடைக்கும்.

ஆழமான பள்ளத்துக்கு இரண்டு வழி. டொனால்ட் நஸ் 1987இல் தொடங்கிய முறையில் நெஞ்சை முன்பக்கம் திறப்பதில்லை. இரண்டு விலாப் பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. கீறல் போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே, வளைத்த உலோகப் பட்டையை மாரெலும்புக்கு அடியில் செலுத்தித் திருப்புவார்கள். திருப்பியதும் எலும்பு மேலே எழும். பட்டை பெரும்பாலும் மூன்று வருஷம் உள்ளே இருக்கும். பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரை நல்ல காலம். இருபது தாண்டினால் எலும்பு இறுகிவிடுவதால் இரண்டு பட்டைகள் தேவைப்படலாம், வலியும் கூடும். இன்னொன்று ரேவிட்ச் 1949இல் எழுதிய முறை. முன்பக்கம் திறந்து, கோணலாக வளர்ந்த குருத்தெலும்புகளை அவற்றின் உறையை விட்டுவைத்து எடுத்து, மாரெலும்பை அறுத்து நிமிர்த்துவது. மாரெலும்பு மிகவும் திரும்பியிருந்தாலோ, ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக இருந்தாலோ, தழும்பு பெரிதானாலும் இதுவே பொருந்தும். ஆனால் நாலைந்து வயதில் இதை விரிவாகச் செய்யக் கூடாது. குருத்தெலும்புதான் நெஞ்சுக் கூடு வளரும் இடம். அதைச் சீக்கிரமே எடுத்துவிட்டால் கூடு வளராமல் நின்று, பின்னாளில் நுரையீரலுக்கே இடம் போதாமல் போகும்.

பட்டை வைக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டியது உலோக ஒவ்வாமை. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதா? பெல்ட் பக்கிளோ ஜீன்ஸ் பட்டனோ படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே அரிப்பு வருகிறதா? அப்படியானால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். ஸ்டீல் பட்டையில் நிக்கல் உண்டு. தோல் சோதனை செய்து, தேவையானால் டைட்டானியம் பட்டை கேட்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், சில மாதம் கழித்துத் தையல் சிவந்து நீர் கசியும். அதைச் சீழ் என்று நினைத்து மாத்திரை மேல் மாத்திரை கொடுப்பார்கள், நிற்காது.

இந்த அறுவை சிகிச்சையில் வலி கடுமையானது; அதை மறைத்துச் சொல்லக் கூடாது. முதுகில் ஊசி வழியாக மரத்துப்போக வைப்பது ஒரு வழி. விலா நரம்புகளை மைனஸ் 60 டிகிரியில் ஒவ்வொன்றாக உறைய வைப்பது இன்னொன்று. உறைய வைத்தால் நெஞ்சின் முன்பக்கம் சில மாதம் மரத்தே இருக்கும், பிறகு உணர்ச்சி திரும்பும். அது முழுமையாக வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்பதால் முதல் இரவுக்கு வேறு மருந்தும் வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வசதி இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தசை இல்லாத ஆணுக்கு

இங்கே மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. யாருக்கு எது என்பதை உடம்புவாகும் தொழிலும் தீர்மானிக்கின்றன.

முதலாவது, முதுகின் பெரிய தசையை அதன் ரத்தக் குழாயோடும் நரம்போடும் அக்குள் வழியாக முன்னே கொண்டுவந்து நெஞ்சில் விரிப்பது. மேற்கை எலும்பில் அது ஒட்டியிருக்கும் நுனியையும் முன்பக்கம் மாற்றித் தைத்தால்தான் அக்குளின் முன்மடிப்பு உருவாகும். அப்படி மாற்றாமல் வெறுமனே மடித்து வைத்தால், நெஞ்சு நிறைந்திருக்கும், ஆனால் கையைத் தூக்கும்போது பழைய வெற்றிடம் அப்படியே தெரியும். நரம்பைக் காப்பாற்றுவதும் முக்கியம். அதை வெட்டினால் தசை சில மாதங்களில் மெலிந்து, நிரப்பிய இடம் மறுபடியும் தட்டையாகும். நரம்பை விட்டால் சில அசைவுகளில் நெஞ்சு துடிப்பதுபோல் இருக்கும், பெரும்பாலானோர் பழகிக்கொள்கிறார்கள்.

விலை முதுகில் கொடுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுக்கவும், ஏறவும், நீந்தவும் பயன்படும் தசை அது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து பற்றவைக்கிறவருக்கு இதன் இழப்பு அவ்வளவாகத் தெரியாது. ஏற்காட்டுத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் ஏறி மிளகு பறிக்கிறவருக்கும், நிழல் மரத்துக் கிளை கழிக்கிறவருக்கும் நிச்சயம் தெரியும். குழித்தறியில் நாள் முழுக்க ஒரே கையால் கயிற்றை இழுத்து நாடா ஓட்டுகிறவருக்கும் தெரியும், அதுவும் அந்தக் கையின் பக்கமே குறை இருந்தால். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கையால் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, அளவெடுத்துச் செய்யும் சிலிக்கான் தகடு. சி.டி. படத்திலிருந்து கணினியில் உருவம் செய்து, கெட்டியான சிலிக்கானில் வார்த்து, அக்குளில் ஆறேழு செ.மீ. கீறல் போட்டு உள்ளே வைப்பார்கள். உள்ளே ஜெல் இல்லாததால் உடைந்து கசியும் பேச்சு இல்லை. எந்தத் தசையையும் இழக்க வேண்டாம் என்பதால் உடல் உழைப்பாளிக்கு இது ஏற்றது. ஆனால் அக்குள் மடிப்பு இயல்பாக வராது. மேல் தோல் மிக மெலிதாக இருந்தால் தகட்டின் ஓரம் கோடுபோல் தெரியும். முதல் வாரங்களில் தகட்டைச் சுற்றி நீர் கோப்பது அடிக்கடி நடக்கும், ஊசியால் எடுத்துவிடலாம். கிருமி புகுந்தால் மட்டும் தகட்டை வெளியே எடுத்து, மாதங்கள் கழித்தே மீண்டும் வைக்க முடியும்.

மூன்றாவது, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி நெஞ்சில் செலுத்துவது. ஒரே தடவையில் முடியாது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு முதல் நான்கு தடவை ஆகலாம். செலுத்தியதில் பாதிவரைகூடக் கரைந்துபோகும். ‘ஒரே தடவையில் நிறைய வைத்துவிடுங்கள்’ என்று கேட்காதீர்கள். சுற்றியுள்ள திசுவிலிருந்து ரத்தம் கிடைத்தால்தான் கொழுப்பு பிழைக்கும். குவித்து வைத்தால் நடுப்பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகும். ஒல்லியான பதினெட்டு வயதுப் பையனிடம் எடுப்பதற்கே கொழுப்பு இருக்காது என்பதும் உண்மை. தசை மாற்றியோ தகடு வைத்தோ முடித்த பிறகு மிஞ்சும் சிறு பள்ளங்களை நிரவ இதுதான் சிறந்த கருவி.

பெண்களுக்கு: காலமும் பொறுமையும்

பெண் பிள்ளைகளுக்கு அவசரமே முதல் எதிரி. பருவம் வந்த புதிதில் இரண்டு மார்பகமும் சமமாக வளராமல் இருப்பது சாதாரணம். பெரும்பாலும் தானே சரியாகும். தசை இருந்து, மாரெலும்பும் நேராக இருந்து, ஒரு பக்க விலாக்கள் மட்டும் பின்வாங்கி, மார்பகம் சிறிதாகவும் காம்பு மேலேறியும் இருந்தால் அது போலண்ட் அல்ல, தனி வகை. அதற்குத் தசை மாற்றத் தேவையில்லை. சரியான அளவு இம்ப்ளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) பெரும்பாலும் போதும்.

போலண்ட் உள்ள பெண்ணுக்குத் தோலும் இறுக்கமாக, குறைவாக இருக்கும். இறுதி அறுவை சிகிச்சைக்கு மறுபக்கம் வளர்ந்து முடிய வேண்டும். அதாவது பதினெட்டை ஒட்டிய வயது. அதுவரை பிள்ளை கூனிக் குறுகி, துப்பட்டாவுக்குள் ஒளிந்து, விளையாட்டு வகுப்பைத் தவிர்த்து வாழ வேண்டும் என்பதில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் தோலுக்கடியில் ஒரு விரிப்புப் பை வைத்து, மறுபக்கம் வளர வளர உப்பு நீரைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சமமாகக் கொண்டுபோகலாம். அறுவை சிகிச்சையே வேண்டாம் என்றால், அளவெடுத்த சிலிக்கான் பேடை உள்ளாடையில் வைத்துக்கொள்ளலாம். அதுவும் முழுமையான தீர்வுதான்.

வளர்ச்சி முடிந்தபின் இம்ப்ளான்ட் மட்டும், முதுகுத் தசையோடு இம்ப்ளான்ட், அல்லது அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து நெஞ்சில் பொருத்துவது ஆகியவை உண்டு. கடைசி முறையில் அந்நியப் பொருள் எதுவும் இல்லை, உடம்பு ஏறினால் அதுவும் ஏறும். ஆனால் அடிவயிற்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே பேசுங்கள். சமமாகத் தெரிவதற்காக நல்ல பக்கத்தைச் சிறிதாக்கும் யோசனையும் சொல்லப்படலாம். அதில் பால் சுரப்பு குறைய வாய்ப்புண்டு. குறை உள்ள பக்கத்தில் பால் சுரப்பி இல்லாதபோது, குழந்தைக்கு அந்த நல்ல பக்கம் மட்டும்தானே இருக்கும். அதை முதல் பிள்ளைக்குப் பிறகு செய்துகொள்ளலாம்.

தையில் கல்யாணம், ஆடியில் அறுவை சிகிச்சை என்று திட்டம் போடாதீர்கள். விரிப்புப் பையில் தொடங்கி இறுதி வடிவம் வரை ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், தழும்பு நிறம் மங்கவும் அவ்வளவு காலம் ஆகும். இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்றும் கேளுங்கள். சொரசொரப்பான சில வகைகளைச் சுற்றி அரிதாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்ததால், 2019இல் ஒரு பெரிய தயாரிப்பு உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

பணமும் தாளும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை ஒப்புதல் கேட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தில் ‘அழகுக்காக’ என்ற தொனி வந்தால் நிராகரிக்கப்படும். பிறவிக் குறைபாடு, ஹாலர் அளவு, மூச்சுத் திறன், கையின் பலம், ஸ்கேன் படங்கள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். தனியார் பாலிசி வைத்திருந்தால் ‘வெளியே தெரியும் பிறவிக் குறைபாடு’ என்ற விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் இருக்கும்.

முந்தைய வாரம்

பீடி, சிகரெட் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும். இடம் மாற்றிய தசைக்கும் கொழுப்புக்கும் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் புகை சுருக்கிவிடும். ஓரம் கறுத்துப்போவதற்கு இது பெரிய காரணம். நாட்டு மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை எது சாப்பிட்டாலும் பெயரோடு சொல்லுங்கள். நெஞ்சு முடியை வீட்டில் ரேசரால் மழிக்காதீர்கள். அந்தச் சிறு கீறல்களில்தான் கிருமி தங்கும். ஆஸ்பத்திரியில் டிரிம்மரால் எடுப்பார்கள். சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பு நிற்க வேண்டும், பிரியாணி போன்ற எண்ணெய்ச் சாப்பாடானால் எட்டு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலும் அனுமதிப்பார்கள். முன் பட்டன் வைத்த தொளதொளச் சட்டைகள் நாலு தைத்து வையுங்கள். ஒரு மாதத்துக்குத் தலை வழியாக எதையும் மாட்ட முடியாது.

வீடு திரும்பிய பின்

மலைமேல் வீடு இருப்பவர்கள், பட்டை வைத்த அல்லது நெஞ்சுக்குள் போய்ச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடனே மேலே போகாதீர்கள். நெஞ்சுக்குள் காற்று கொஞ்சம் தங்கியிருந்தால், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து அது சுமார் ஆறில் ஒரு பங்கு விரியும். எக்ஸ்-ரேயில் காற்று இல்லை என்று பார்த்த பிறகே பயணம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் உடம்பை இரண்டு பக்கமும் திருப்பும். பட்டை இடம் மாறுவதற்கு இப்படித் திருகுவதே போதும். முடிந்தால் முதல் இரண்டு வாரம் அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். போகும்போது காரின் முன் சீட்டில், முதுகைச் சாய்த்து, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் இடையில் சிறு தலையணை வைத்து, மெல்லப் போகச் சொல்லுங்கள். பொதுத் தேர்வு முடிந்து மே மாதத்தில் செய்பவர்கள், ஏற்காடு கோடை விழா நாள்களில் மலைப்பாதை அடைத்து நிற்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அவசரமென்றால் இறங்க வழி கிடைக்காது.

பட்டை வைத்தவர்கள் ஆறு வாரம் மல்லாந்தே படுக்க வேண்டும். எழும்போது உடம்பைத் திருகாமல், மரக்கட்டை உருள்வதுபோல் மொத்தமாகப் புரண்டு, இன்னொருவர் முதுகைத் தாங்க எழ வேண்டும். கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது. அந்த ஆறு வாரமும் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், புத்தகப் பையும் இந்த வரம்பைத் தாண்டிவிடலாம். பள்ளியில் எழுதிக் கொடுத்து இரண்டாவது செட் புத்தகம் வகுப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். கபடியும் பைக்கும் மூன்று மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் சொன்னால். நடப்பது, மூச்சுப் பயிற்சிக் குண்டு ஊதி இழுப்பது இரண்டையும் மறுநாளே தொடங்கலாம்.

முதுகுத் தசை மாற்றியவர்களுக்குத் தொல்லை நெஞ்சில் அல்ல, முதுகில் வரும். எடுத்த இடத்தில் நீர் சேரும். அதற்காகத்தான் குழாயும் டப்பாவும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள். ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். குழாய் எடுத்தபின் முதுகு தண்ணீர்ப் பைபோல் தளும்பினால் பயப்பட வேண்டாம், ஊசியால் எடுத்துவிடலாம். நீங்களே அமுக்கி வெளியேற்ற முயல வேண்டாம். தைத்த நுனி பிய்ந்துவிடாமல் இருக்கக் கை மூன்று நான்கு வாரம் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் இருக்கும், தோளுக்கு மேல் தூக்க ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு பிசியோதெரபிக்குப் போகாமல் விட்டால் தோள் இறுகிவிடும். பறிப்பு, தறி வேலைகளுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சின் வடிவம் ஒரே நாளில் மாறினாலோ, தையல் ஓரம் கறுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பட்டை இடம் மாறியதை வலியைவிட வடிவத்தில்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். டிஸ்சார்ஜ் அன்று முன்னாலும் இரு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

பட்டை உள்ளே இருக்கும் வரை பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும்: நெஞ்சுக்குள் உலோகப் பட்டை இருக்கிறது; நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பு செய்யலாம், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தேவைப்படும்; மின்னதிர்ச்சி கொடுப்பதானால் ஒரு பேடு முன்னே, ஒரு பேடு முதுகில். 108 வண்டியில் வருகிறவருக்கு இந்த மூன்று வரிகள் போதும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் பட்டை ஸ்டீலா டைட்டானியமா என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும்.

ஜெல் இம்ப்ளான்ட் வைத்த பெண்கள் ஐந்து ஆறு வருஷத்தில் ஒருமுறை அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். பெட்டியில் ஒட்டி வரும் எண் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நஸ் பட்டையை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று வருஷத்தில் பிள்ளை கல்லூரிக்கு வேறு ஊர் போயிருக்கும், வலியும் இருக்காது, மறந்துபோகும். அதிகக் காலம் விட்டால் பட்டையைச் சுற்றி எலும்பு வளர்ந்து, எடுப்பது கடினமாகிவிடும்.